பைகளுக்குக் காவல்

போன மார்கழியில் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்குத் தங்கை அழைத்தாள். அவள் கனடாவில் கால்கரி நகரத்தில் இருக்கிறாள். எனக்குக் காலை ஐந்தரை என்றால் அவளுக்கு முந்தின நாள் மாலை ஐந்து. இரண்டு பேருக்குமே அடுப்படி நேரம் என்பதால் எங்கள் பேச்சு எப்போதும் அந்த நேரத்தில்தான் நடக்கும். நான் சேலத்தில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் அங்கே சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, எந்த மலைக்குப் போறதுன்னு நீயே சொல்லு" என்றாள்.

பனியை நான் குளிர்பதனப் பெட்டியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஏற்காட்டு மார்கழிக் குளிருக்கே இரண்டு சால்வை போர்த்துகிறவள். என்னிடம் போய் ஒருத்தி பனிச்சறுக்குக்கு எந்த மலை நல்லது என்று கேட்கிறாள். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அவர்கள் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அரசு விடுமுறை. 1990இலிருந்து அந்த நாளுக்குப் பெயர் 'குடும்ப நாள்'. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் கிடைக்கும். தங்கை வீட்டில் அந்த மூன்று நாளும் பனிமலைதான். அவள் கணவர், பதினேழு வயது மகன், பதினான்கு வயது மகள், கணவரின் தம்பி என நான்கு பேரும் பனிச்சறுக்கில் கைதேர்ந்தவர்கள். ஐந்தாவது ஆளான தங்கைக்குச் சறுக்கத் தெரியாது. அறை பதிவு செய்வது, நான்கு பேரின் கையுறைகளையும் ஜோடி பிரித்துக் கட்டுவது, புளிசோறு கிளறி எடுத்துப்போவது, மலையடிவாரக் கட்டடத்தில் எல்லாருடைய பைகளுக்கும் காவல் இருப்பது ஆகியவை அவள் பங்கு.

இந்த முறை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரு மலைக்கும் இரண்டு பேர் இன்னொரு மலைக்கும் கை தூக்கிவிட்டார்கள். "அஞ்சாவது ஓட்டு உன்னோடது, நீ சொல்றதுதான் முடிவுன்னு சொல்லிட்டாங்க அக்கா" என்றாள். பன்னிரண்டு வருடக் குளிர்காலங்களில் அவளிடம் ஓட்டு கேட்டது அதுவே முதல் தடவை. அதுவும் நான்கு பேருக்குள் தீராமல் போனதால்.

அன்றிலிருந்து பத்து நாள், நான் கற்பிக்கும் குறிஞ்சியை விட்டுவிட்டு வேறொரு குறிஞ்சியைப் படித்தேன்.

கால்கரியிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் போனால் பான்ஃப் என்ற மலை நகரம் வருகிறது. அதைச் சுற்றி மூன்று பனிச்சறுக்குத் தலங்கள். லேக் லூயிஸ் ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றில் மிகப் பெரியது, சறுக்கும் பரப்பு 4,200 ஏக்கர். சன்ஷைன் அடிவாரத்தில் வெறும் வண்டி நிறுத்துமிடம்தான் இருக்கும். அங்கிருந்து தொங்கு வண்டியில் ஏறிப்போனால் கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு சின்னப் பனிக் கிராமம். மூன்றாவது நார்க்வே. அது ஊருக்குப் பக்கத்திலேயே, வண்டியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது. 1926இல் தொடங்கியது. பரப்பு 190 ஏக்கர்தான். நாமக்கல் மாவட்டத்து விவசாயி மகள்களுக்கு ஏக்கர் கணக்குச் சட்டென்று புரியும்: ஒன்று ஜமீன், இன்னொன்று எங்கள் ஊர்க் கவுண்டர் தோட்டம்.

சரிவுகளுக்குக் குறியீடுகள் உண்டு. பச்சை வட்டம் என்றால் புதியவர்களுக்கு. நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்பு வைரம் தேர்ந்தவர்களுக்கு. இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு. சன்ஷைனில் டெலிரியம் டைவ் என்று ஒரு செங்குத்து இருக்கிறது. பனிச்சரிவில் புதைந்தால் இருக்குமிடம் காட்டும் கருவி, பனி தோண்டும் மண்வாரி, ஆழம் பார்க்கும் கோல், கூடவே ஒரு துணையாள், இத்தனையும் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். தங்கை மகனுக்கு இந்த வருடம் அதில் இறங்கியே ஆகவேண்டும். அவன் ஓட்டு சன்ஷைனுக்கு, சித்தப்பாவின் ஓட்டும் அதற்கே. கணவருக்கும் மகளுக்கும் லேக் லூயிஸ். பரப்பு பெரிது, ஒரே சரிவில் இரண்டு முறை இறங்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம்.

"சரி, உனக்கு எது வேணும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மாவு பிசையும் சத்தம்கூட இல்லை. "எனக்கா? எனக்கு எதுவா இருந்தா என்ன அக்கா? ஹீட்டர் பக்கத்துல நாற்காலி இருந்தாப் போதும்" என்றாள். பிறகு, "அம்மா மாதிரியே ஆயிட்டேன் இல்ல?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

எங்கள் சொந்த ஊர் சேந்தமங்கலம் பக்கம். வீட்டு வாசலில் நின்றால் கிழக்கே கொல்லிமலை சுவர்போல் நிற்கும். வெயில் காலத்தில் நீலமாக, ஆடியில் மேகத்துக்குள் பாதியாக. வருடம் தவறாமல் ஆடிப் பெருக்குக்கு மலைக்குப் போவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவிலேயே பேருந்தில் யாராவது வாந்தியெடுக்கத் தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் யாரும் எடுக்கமாட்டோம் என்பதில் அப்பாவுக்குப் பெருமை. "நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் மலை பழக்கமுங்க" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வார்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கைக்கு இறங்குவோம். ஐயாறு சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் இடம். இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டிய செங்குத்து. அப்பா கைக்கடிகாரம் பார்ப்பார். இறங்க எத்தனை நிமிடம், ஏற எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு வருடமும் கணக்கு. பெரியப்பா பையன்கள், மாமா, நான், தங்கை எல்லாரும் ஓடுவோம். எப்போதும் தங்கைதான் முதலில். பாறைக்குப் பாறை அவள் தாவுவதைப் பார்த்து மாமா, "இது ஆட்டுக்குட்டியா, புள்ளையா?" என்பார்.

அம்மா மேலே இருப்பாள். கோயிலுக்குப் பக்கத்தில் மர நிழலில், கட்டுச்சோற்றுத் தூக்குப்போசி, ஒயர்கூடை, மாற்றுத்துணி இருக்கும் மஞ்சப்பை, பதினோரு ஜோடி செருப்பு, இவற்றின் நடுவில் உட்கார்ந்திருப்பாள். "உனக்குக் கால் வலிக்கும், நீ இரு" என்று அப்பா சொல்வார். அதில் அதட்டல் இருக்காது, அக்கறை மாதிரித்தான் இருக்கும். அம்மாவும் "போயிட்டு வாங்க கண்ணுகளா, வழுக்கும், பாத்து" என்பாள்.

அம்மாவுக்குக் கால் வலிக்கும் என்று யார் சொன்னது? காட்டிலிருந்து புல்லுக்கட்டு சுமந்து வருவாள். கிணற்றுப் படிகளில் நாளுக்கு எட்டு நடை இறங்கி ஏறுவாள், இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். அப்பாவின் கடிகாரம் அந்த நடைகளுக்கு ஓடவில்லை. ஆண்கள் வருடத்துக்கு ஒருநாள் ஏறினால் அது பழக்கம், அனுபவம், கெட்டிக்காரத்தனம். அம்மா தினமும் ஏறியது வெறும் வேலை. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய முனைவர் பட்டம் வரைக்கும் படிக்கவேண்டியிருந்தது. அன்றைக்கு நானும் அம்மாவிடம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியவள்தான்.

அப்பா போன மறுவருடம், தங்கை ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவைக் கூட்டிப்போனோம். "வாம்மா, இன்னைக்கு நீ அருவியப் பாக்கற" என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். அப்போது அவளுக்கு நிஜமாகவே முட்டி தேய்ந்திருந்தது. முப்பது படி இறங்கியிருப்போம். உட்கார்ந்துவிட்டாள். "சத்தம் நல்லாக் கேக்குது. போதும் சாமி" என்றாள். அதற்கடுத்த தையில் அவளும் போய்விட்டாள். இருபது வருடத்துக்குமேல் அருவிக்கு மேலேயே உட்கார்ந்திருந்தும் அருவியைப் பார்க்காமல் போனவள் எங்கள் அம்மா.

என் கதைக்கு வருகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு என் குடும்பத்தின் மலை ஏற்காடு. சேலத்துக்காரர்களுக்கு அது மலையே அல்ல, மாடி. இருபது வளைவு, ஒரு மணி நேரம், மேலே சுமார் 1,500 மீட்டர். நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். செங்குத்து இல்லை, ஏரி இருக்கிறது, எல்லாரும் ஒன்றாக இருக்கலாம், அம்மா மாதிரி யாரும் மேலே தனியாக உட்காரவேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

கணக்குத் தப்பியது. படகில் நான்கு பேர் போகலாம் என்றால் ஐந்தாவது ஆள் நான். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போகவேண்டும் என்றால் வெளியே கைப்பைகளோடு நிற்பது நான். இரண்டாவது வருடத்திலிருந்து யாரும் என்னிடம் கேட்பதும் இல்லை. பைகள் தாமாகவே என் பக்கம் வந்து சேர்ந்தன, மழைத்தண்ணீர் பள்ளத்துக்கு வருவதுபோல. ஏற்காட்டில் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ரன்ஸ் சீட் என்று மூன்று காட்சிமுனைகள் உண்டு. வெள்ளைக்காரர்கள் காலத்துப் பெயர்கள். ஆளுக்கொரு இருக்கை போட்டார்களே என்று ஒருமுறை கணவரிடம் சொன்னேன். "அப்ப உங்களுக்கும் உக்கார எடம் குடுத்திருக்காங்கல்ல" என்றார். அவர் பகடியாகத்தான் சொன்னார். ஆனால் உட்காரத்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குள் தங்கிவிட்டது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பைகளுக்குக் காவல் இருப்பது எனக்கு எல்லா நேரமும் துன்பமாக இருக்கவில்லை. படகு போய்த் திரும்பும் அரைமணி நேரம் வீட்டில் எனக்குக் கிடைக்காத அரைமணி நேரம். யாரும் "அம்மா" என்று கூப்பிடமாட்டார்கள். என் முதல் தொகுப்பில் மூன்று கவிதைகள் அந்தப் படகுத்துறையில் எழுதியவை. அம்மாவும் அந்த மர நிழலில் எதையாவது நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். அவளிடம் தாளும் பேனாவும் இல்லை, அவ்வளவுதான்.

வகுப்பில் குறிஞ்சித் திணை நடத்தும்போது தினைப்புனக் காவலைச் சொல்வேன். தலைவி பரண்மேல் இருந்து கிளி ஓட்டுகிறாள். தழல், தட்டை, குளிர் என்று அதற்குக் கருவிகள். பார்த்தால் அதுவும் பொருளுக்குக் காவல்தான். ஆனால் அந்தக் காவலில்தான் அவளுக்கு ஊர்க் கண் படாத வெளி கிடைக்கிறது. தோழியோடு சிரிக்க, சுனையாட, மனத்துக்குப் பிடித்தவனைச் சந்திக்க. தினை முற்றிக் கதிர் கொய்துவிட்டால் காவல் முடிந்தது, அவளை வீட்டுக்குள் அடைத்துவிடுவார்கள். இற்செறிப்பு என்று அதற்குத் துறையே இருக்கிறது. ஆக, காவலும் விடுதலையாக இருக்கலாம், விடுமுறையும் இற்செறிப்பாக இருக்கலாம். அந்த இடத்தில் அவளை யார் உட்காரவைத்தார்கள், எழுந்து போக அவளால் முடியுமா என்பதை வைத்துத்தான் எது எது என்று சொல்லமுடியும். இருபது வருடமாக இதைப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நான் படகுத்துறையில் என்னைப் பார்த்து இதைக் கேட்டதில்லை.

கேட்கவைத்தது ஒரு பேருந்து ஓட்டுநர்.

இரண்டு வருடத்துக்கு முன் துறை மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாகக் கொல்லிமலைக்கு அழைத்துப் போனோம். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. சங்கப் பாடல்கள் சொல்லும் கொல்லிப்பாவையைப் பற்றி அங்கேயே ஒரு சின்னப் பேச்சு: காற்றும் மழையும் இடியும் வந்தாலும் நின்ற இடத்தில் நிறம் மாறாமல் நிற்கும் பாவை. பிறகு அறப்பளீஸ்வரர் கோயில். அருவிக்குக் கிளம்பும் நேரம் வந்ததும் நான் பழக்கதோஷத்தில் பைகளின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாணவிகளும் வந்து உட்கார்ந்தார்கள். மாதவிலக்கு. கோயிலுக்குள் போகவில்லை, அருவிக்கும் போகக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி என்னிடம், "மேடம், நாங்க எப்படியும் இங்கதான இருக்கப்போறோம், நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

'எப்படியும்' என்ற சொல் சுருக்கென்றது. பத்தொன்பது வயதில் அந்தச் சொல் அவளுக்கு எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது?

அப்போது ஓட்டுநர் பீடியை அணைத்துவிட்டு வந்து கேட்டார்: "ஏனுங் மேடம், பையெல்லாம் பஸ்ஸுல போட்டுப் பூட்டிக்கலாமுங்களே? இதுக்கு எதுக்கு நாலு பேரு காவல்?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பைகளைப் பேருந்தில் ஏற்றிப் பூட்டினோம். தண்ணீருக்கு மாதவிலக்குத் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். முந்நூறு படி இறங்கியிருப்போம், கீழே போனவர்கள் மேலே வரத் தொடங்கிவிட்டார்கள், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. திரும்பிவிட்டோம். அருவி அன்றைக்கும் கிடைக்கவில்லை. ஆனால் பைகளுக்கு ஆள் தேவைப்படவே இல்லை என்பது கிடைத்தது.

இந்த நினைப்போடுதான் தங்கையை மறுபடி அழைத்தேன். "உங்க பனிமலையில, நீ உக்காந்திருக்கிற கட்டடத்துல, லாக்கர் இருக்கா?"

"எதுக்கு?"

"பை வெச்சுப் பூட்டத்தான்."

அவள் யோசித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். "இருக்கு அக்கா. நான் உக்கார்ற பெஞ்சுக்குப் பின்னாடியேதான் வரிசையா இருக்கு. அதுல சாஞ்சுகிட்டுத்தான் நான் உக்காந்திருக்கேன்." முதல் வருடம் அவளே லாக்கரைப் பற்றிக் கேட்டாளாம். "காசு எதுக்கு வீணா, நீதான் இருக்கியே" என்றாராம் கணவர். அவள் அதை அன்பென்று எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடக் குடும்ப நாட்களில் ஒரு பெட்டிக்குத் தரவேண்டிய வாடகையை மிச்சம் பிடித்திருக்கிறாள் என் தங்கை.

அவள் சறுக்க முயலாமலும் இல்லை. போன முதல் குளிர்காலத்தில் கணவர் கற்றுக்கொடுத்தார். அரைமணி நேரத்தில் "ஏன் இப்படி நடுங்கற?" என்று அவர் குரல் உயர்ந்தது. பிள்ளைகள் சின்னவர்கள், அழுதார்கள். அவள் பலகைகளைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். எனக்கு இது புதிதல்ல. ஸ்கூட்டர் ஓட்டக் கணவரிடம் கற்றுக்கொள்ளப் போய் மூன்று நாளில் சாவியை வீசியவள் நான். பிறகு கல்லூரி மைதானத்தில் சக ஆசிரியை ஒருவர் ஒரே வாரத்தில் கற்றுக்கொடுத்தார். கணவன் மனைவிக்குக் கற்பிக்கும்போது பாடத்தைவிட அவர் பொறுமைதான் முன்னால் நிற்கிறது. நாம் வண்டியைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து ஓட்டுகிறோம்.

பனிமலைகளைப் பற்றிப் படிக்கப்போன இடத்தில் எனக்கு இன்னொரு கதையும் கிடைத்தது. உயரமான மேடைச் சரிவில் சறுக்கி வந்து காற்றில் தாண்டும் போட்டி ஒன்று உண்டு. 1924இல் பிரான்ஸின் ஷாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு அது இருந்தது. பெண்களுக்குக் கிடைத்தது 2014இல், ரஷ்யாவின் சோச்சியில். நடுவில் தொண்ணூறு வருடம். 2005இல்கூட உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவர், மருத்துவ நோக்கில் அது பெண்களுக்குப் பொருந்தாது என்ற விதமாகப் பேசினார். 2010 ஒலிம்பிக் தங்கையின் நாட்டில், வான்கூவரில் நடந்தது. அதற்கு முன் வீராங்கனைகள் நீதிமன்றம் போனார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றம் 2009இல், இது பாகுபாடுதான், ஆனால் முடிவெடுத்தது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, கனடாவின் உரிமைச் சாசனம் அதைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒலிம்பிக்குக்காகக் கட்டிய தாண்டுமேடை ஒன்றில் அப்போது மிக நீண்ட தாண்டலுக்கான சாதனையை வைத்திருந்தவர் லிண்ட்சி வான் என்ற அமெரிக்கப் பெண்.

"உனக்குக் கால் வலிக்கும், நீ இரு" என்று எங்கள் அப்பா சொன்னதை அவர்கள் மருத்துவமொழியில் சொன்னார்கள். கொல்லிமலையில் நிழல் மரம், அங்கே பார்வையாளர் வரிசை. இதை நான் வகுப்பிலும் சொன்னேன். நம் நாட்டிலும் பெண்கள் சறுக்குகிறார்களா என்று ஒரு மாணவி கேட்டாள். மணாலிக்காரியான ஆஞ்சல் தாக்கூர் 2018இல் துருக்கியில் நடந்த போட்டியில் வெண்கலம் வாங்கினாள், பனிச்சறுக்கில் சர்வதேசப் போட்டியொன்றில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது என்று சொன்னேன். பெயரை எழுதிக்கொண்டாள்.

தங்கைக்கு நான் எந்த மலை என்று சொல்லவில்லை. மூன்று கேள்வி சொன்னேன். ஒரு மலையைத் தேர்ந்தெடுக்கும்போது, நன்றாகச் சறுக்குகிறவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நீ சறுக்காதவருக்கு என்ன இருக்கிறது என்று தொடங்கு. நன்றாகத் தெரிந்தவர்கள் எந்த மலையிலும் சந்தோஷமாக இருப்பார்கள், தெரியாதவருக்குத்தான் மலைக்கு மலை வித்தியாசம். இரண்டாவது, கணவர் அல்லாத ஓர் ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு பச்சை வட்டத்தில் கற்றுக்கொடுக்கிறாரா என்று பார். மூன்றாவது, பிடிக்கவில்லை என்றால் யாருடைய வண்டியையும் எதிர்பார்க்காமல் நீ அங்கிருந்து கிளம்பிப் போகமுடியுமா?

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தபோது 4,200 ஏக்கர் சுருங்கிவிட்டது. சன்ஷைனில் மேலே போய்விட்டால் பனியும் பனியாளர்களும்தான், ஊர் கிடையாது. 190 ஏக்கர் நார்க்வே பெரிதானது. அடிவாரத்தில் புதியவர்களுக்கான சரிவும் வகுப்பும் உண்டு. தேர்ந்தவர்களுக்கு இரட்டைக் கறுப்பு வைரமும் உண்டு, செங்குத்துக்குப் பெயர்போன சின்ன மலை அது. அலுத்தால் பத்து நிமிடத்தில் ஊருக்குள் வந்துவிடலாம். ஊரில் அருங்காட்சியகம், நூலகம், 1932இல் கட்டிய குளியல்தொட்டியில் மலையிலிருந்து தானாகச் சூடாக வரும் கந்தக ஊற்றுநீர்.

தங்கை குழுவில் எழுதினாள்: "என் ஓட்டு நார்க்வேக்கு."

சலசலப்புதான். மகன், "அது ஆப்ஷன்லயே இல்லையே அம்மா" என்றானாம். மகள் சிரிக்கும் பொம்மை போட்டாளாம். சின்ன மலை, ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்றாராம் மைத்துனர். கணவர் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் தங்கை தூங்கவில்லை. ஐந்தரை மணிக்கு அழைத்து, "விட்டுடட்டா அக்கா? நாலு பேரு சந்தோஷத்தக் கெடுக்கறமோன்னு இருக்கு" என்றாள். "நாலு பேரு பன்னண்டு வருசம் சந்தோஷமா இருந்தாச்சு கண்ணு" என்றேன். கண்ணு என்பது அம்மாவின் சொல். என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

கடைசியில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் எல்லாரும் நார்க்வே. இரண்டாம் நாள் அவர்கள் நால்வரும் சன்ஷைன், அவள் ஊருக்குள். மூன்றாம் நாள் காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்ப்பது. பைகள் மூன்று நாளும் லாக்கரில். வாடகை கணவர் கொடுத்தார்.

குடும்ப நாள் முடிந்து செய்தி வந்தது: "விழுந்துட்டேன் அக்கா. ஒம்பது தடவ. பத்தாவது தடவ விழாம கீழ வரைக்கும் வந்தேன். டீச்சர் கைதட்டினா. என் பொண்ணு மேல இருந்து பாத்திருக்கா. அம்மா வேகமா வரலன்னாலும் நேரா வந்தீங்கன்னு சொன்னா." நாற்பது வயதில் ஆறு வயதுக் குழந்தைகளோடு நின்று கற்றுக்கொண்டிருக்கிறாள். மறுநாள் சூட்டு நீரில் கழுத்துவரை உட்கார்ந்து, தலைமேல் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஒன்றுமே நினைக்கவில்லையாம்.

இனி அந்த வீடு மாறிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. கையுறைகளை இன்னமும் அவள்தான் ஜோடி பிரிக்கிறாள். புளிசோறும் அவள்தான். அடுத்த குளிர்காலத்துக்கு மகன் இப்போதே லேக் லூயிஸ் என்கிறானாம். பரவாயில்லை, அங்கும் பச்சை வட்டம் உண்டு.

இந்த ஆடியில் நாங்கள் கொல்லிமலைக்குப் போனோம். பைகளைக் காரில் போட்டுப் பூட்டினேன். கணவருக்கு முட்டி வலி, தானே மேலே இருக்கிறேன் என்றார். "பைதான் கார்ல இருக்குங்களே, நீங்க எதுக்குக் காவல்?" என்றேன். "சும்மா உக்காந்திருக்கேன்" என்றார். சும்மா உட்காருவது என்றால் என்ன என்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் முன்னால் ஓடினாள். நான் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். முப்பதாவது படிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றேன், அங்கிருந்து சத்தம் நன்றாகத்தான் கேட்டது. பிறகு இறங்கினேன். முந்நூறும் தாண்டியது. கடைசித் திருப்பத்தில் சாரல் முகத்தில் அடித்தது. அத்தனை உயரத்திலிருந்து வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது ஐயாறு. சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்த அருவிதான். அப்போதெல்லாம் அப்பாவின் கடிகாரத்துக்காக ஓடியதில் நிமிர்ந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.

மேலே வந்ததும் தங்கையை அழைத்தேன். அவளுக்கு நடுராத்திரி, இருந்தும் எடுத்தாள்.

"முழுசா எறங்கினியா?"

"எறங்கினேன்."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"பாக்கல" என்றேன்.